எட்டாவது படிக்குக் கீழே

சுலோசனாவுக்கு எட்டு என்றால் அப்படியொரு நம்பிக்கை. ராசி எண் என்று நினைத்துவிடாதீர்கள். எண் ஜோதிடம் பேசிக்கொண்டு யாராவது வாசலுக்கு வந்தால் விளக்குமாற்றைத் தேடுகிற ரகம் அவள். இது வேதியியல் எட்டு. எந்த அணுவாக இருந்தாலும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் சேரும்வரை அலைந்துகொண்டிருக்கும். பக்கத்து அணுவிடம் கொடுத்தோ வாங்கியோ பகிர்ந்தோ எட்டைச் சேர்த்துக்கொண்டால் அடங்கிவிடும். ஆவடியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது இந்த எண்ம விதியைப் பாடத்தில் படித்த அன்று, உலகமே கைக்குள் வந்துவிட்டதாக அவளுக்கு ஒரு மிதப்பு. உப்பு ஏன் உப்பாக இருக்கிறது, தண்ணீர் ஏன் தண்ணீராக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

விதிவிலக்குகளும் அதே பாடத்தின் கடைசிப் பக்கத்தில்தான் இருந்தன. ஹைட்ரஜன் இரண்டோடு நின்றுவிடும். போரான் ஆறே போதுமென்று இருக்கும். நைட்ரிக் ஆக்சைடில் ஓர் எலக்ட்ரான் ஜோடியே இல்லாமல் ஒற்றையாக நிற்கும். பாஸ்பரஸ் பத்து வரை போகும். கந்தகம் இருக்கிறதே, அது பன்னிரண்டைச் சேர்த்துக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கும். கல்யாண வீட்டில் ஆகாத சொந்தக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அப்படி அந்தப் பக்கத்தைத் திருப்பினாள் சுலோசனா.

அதற்கு வட்டியோடு அனுபவித்தாள். பட்டப்படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார். "சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு. நடுவில் இருக்கும் கந்தகத்தைச் சுற்றி எத்தனை எலக்ட்ரான்?" சுலோசனா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வந்தது. அவளுக்குப் பிடிக்கவில்லை. "அப்படியொரு சேர்மம் இருக்க முடியாது சார்" என்றாள். அவர் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. மதிப்பெண்ணை எழுதிக்கொண்டே, "நீங்க இல்லைன்னு சொன்னாலும் அது இருக்கும்மா" என்றார்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? இருபத்து நான்கு வயதில் அவளுக்குக் கிடைத்த வேலை, மண்ணூர்பேட்டையில் பெரிய மின்நிலையங்களுக்கு சர்க்யூட் பிரேக்கர் செய்கிற ஒரு தொழிற்கூடத்தில். பிரேக்கருக்குள் அடைக்கிற வாயுவைச் சோதிக்க வேண்டும், ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். என்ன வாயு? அதேதான். இருக்க முடியாது என்று அவள் சொன்ன அதே சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு, ஆள் உயரச் சிலிண்டர்களில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. முதல் நாள் அந்த வரிசைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சிலிண்டரின் பெயரையும் படித்தாள். இருபத்திரண்டு வருஷம் அதோடுதான் வாழ்க்கை. கல்யாணம், அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட், கணவரின் சர்க்கரை வியாதி எல்லாம் நடுவில் வந்தவை.

அந்த வாயுவைப் போல சாதுவான பொருள் கிடையாது. நிறம் இல்லை, வாசனை இல்லை, எரியாது, விஷமும் இல்லை. கந்தகத்தைச் சுற்றி ஆறு ஃபுளூரினும் இடைவெளி விடாமல் அடைத்துக்கொண்டு நிற்பதால் அது யாரோடும் சேராது. ஆகாத குணம் ஒன்றே ஒன்று: காற்றைவிட ஐந்து மடங்கு கனம். ஒழுகினால் தரையோடு தரையாக நகர்ந்துபோய்ப் பள்ளம் பார்த்துத் தேங்கும். தேங்கிய இடத்தில் காற்று இருக்காது. மூச்சை இழுத்தால் மூச்சு இழுத்த மாதிரியேதான் இருக்கும், திணறல்கூடத் தெரியாது. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு, அப்புறம் கால் மடங்கும்.

தொழிற்கூடத்தின் நடுவில் இருந்த சோதனைக் குழி அதற்கென்றே வெட்டின மாதிரி இருந்தது. பத்தடி ஆழம். இறங்கச் சுவரோடு பதித்த இரும்பு ஏணி. படிகளை முதல் நாளே எண்ணினாள்; பன்னிரண்டு. "எட்டோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று முணுமுணுத்துக்கொண்டாள். பிரேக்கரைச் சங்கிலியில் கட்டி உள்ளே இறக்கி, வாயுவை அழுத்தி நிரப்பி, ஒரு நாள் முழுக்க வைத்திருப்பார்கள். அடியில் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய விசிறி ஒன்று ஓயாமல் ஓடும். முழங்கால் உயரத்தில் ஓர் அலாரம் பெட்டி; வாயு ஒழுகினால் அலறும்.

அந்தத் தொழிற்கூடத்தில் பூதம் ஒன்றும் இருந்தது. பூதத்தின் பெயர் இருதயராஜ், வயது முப்பத்தெட்டு, பிரேக்கர் பூட்டுவதில் கெட்டிக்காரன். ஒல்லி உடம்பு, கீச்சுக்குரல். வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று சின்னப் பலூனில் கொஞ்சம் வாயுவைப் பிடித்து அரை மூச்சு இழுப்பான். உடனே அந்தக் கீச்சுக்குரல் மறைந்து, பாழுங்கிணற்றின் அடியிலிருந்து வருகிற மாதிரி ஒரு கனத்த குரல் கிளம்பும். கனமான வாயுவில் ஒலி தயங்கித் தயங்கிப் போவதால் வருகிற மாற்றம் அது, வேறொன்றும் இல்லை. "அடேய் ஜானகிராமா! பூசணிக்கா எங்கடா!" என்று முதலாளியையே அதட்டுவான். ஜானகிராமன் கும்பிடு போட்டுப் பூசணிக்காயை உடைப்பார். கூடம் விழுந்து விழுந்து சிரிக்கும். "இது விளையாட்டுச் சாமான் இல்லப்பா ராஜு" என்று சுலோசனா மட்டும் திட்டுவாள். திட்டிவிட்டு அவளும் சிரிப்பாள்.

சென்ற வருஷத்து ஆயுத பூஜையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வழக்கம்போல எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினார்கள். அன்றைக்கு இயந்திரங்களுக்கும் ஓய்வு. கற்பூரம் காட்டுகிறவரை ஒரு ஸ்விட்சைக்கூட யாரும் தொடமாட்டார்கள். குழியில் ஒரு பிரேக்கர் சோதனையில் இருந்தது. சுலோசனா காலையில் பார்த்தபோது அது ஒழுகவில்லை. அந்தத் தைரியத்தில் குழி விசிறியையும் நிறுத்தி அதற்கும் ஒரு மாலை போட்டார்கள். சந்தனக் கிண்ணம் எப்போதும் சுலோசனா கையில்தான். கடைசல் இயந்திரம், துளை போடும் இயந்திரம், கண்ணாடி அலமாரிக்குள் காற்றுச் சிலிண்டரோடு தொங்கும் மூச்சுக் கவசம், ஒன்றையும் விடவில்லை. குழிக்குள்ளும் இறங்கினாள். அலாரம் பெட்டியின் முகப்பில் வட்டமாகச் சல்லடை மாதிரி ஒரு வலை. முகம் மாதிரி ஒன்று தெரிந்தால் நம் கை சும்மா இருக்குமா? மூன்று விரலால் கெட்டியாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். அந்தப் பெட்டிக்கு மூக்கே அந்த வலைதான், அதை அடைத்தால் எவ்வளவு வாயு வந்தாலும் பெட்டிக்குத் தெரியாது. இதை அந்தக் கூடத்தில் எல்லோரையும்விட நன்றாக அறிந்தவள் அவள். அறிந்தவள்தான் வைத்தாள், பக்தியோடு வைத்தாள்.

இரண்டு மணிக்குப் பூஜை. குழியைச் சுற்றியிருந்த கம்பித் தடுப்பு முழுக்கப் பலூன் கட்டியிருந்தார்கள். சுலோசனா கற்பூரத் தட்டை ஏந்தி நின்றபோது இருதயராஜ் கையில் ஈரத்துணியோடு எதிரில் வந்தான். நாதஸ்வரத்தை ஸ்பீக்கரில் அலறவிட்டிருந்ததால் பேச முடியவில்லை. அவன் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினான், குழியைக் காட்டினான், துணியால் துடைக்கிற மாதிரி சைகை செய்து சிரித்தான். பொட்டை எங்கே வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரி, போய்த் துடை என்று தலையை ஆட்டினாள். வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் ஓய்ந்தது. குழிக்குள்ளிருந்து பூதம் பேசியது.

"எறங்காத... டேய் நஜீரு... எறங்காத..."

கூடமே வெடித்துச் சிரித்தது. நஜீர் பூந்தமல்லிக்காரன், இருதயராஜுக்கு உயிர் நண்பன். அவன் ஒரு கையில் ஃபோனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே கத்தினான். "இன்னா பூதமே, பூசணிக்கா வரலன்னு காண்டா கீறியா? இரு, எத்துகினு வரேன்!" சுலோசனாவும் சிரித்தாள். அந்த வீடியோவில் எல்லோரையும்விட அவள் சிரிப்புதான் உரக்கக் கேட்கும்.

சிரித்துக்கொண்டே தடுப்பருகில் போனாள். அப்போது நூல் அறுந்து ஒரு மஞ்சள் பலூன் குழிக்குள் விழுந்தது. வாயால் ஊதிய சாதாரணப் பலூன். கீழே போய்த் தரையைத் தொட வேண்டியது. அது மேலிருந்து எட்டாவது படிக்கு நேராக வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே எதுவும் இல்லை. வெறும் வெளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஏரித் தண்ணீரில் கிடப்பதைப் போல மெல்ல அசைந்தது. அதற்கும் கீழே இருதயராஜ் மண்டியிட்டபடி ஏணியை ஒரு கையால் பிடித்திருந்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். முகத்தில் விளையாட்டே இல்லை. கை நழுவியது, உடம்பு சரிந்தது, அந்த முகம் பலூனுக்கு அடியில் சத்தமில்லாமல் போனது.

சுலோசனாவின் சிரிப்பு நின்றது. அவன் கையில் பலூனும் இல்லை, உதட்டில் வைத்து இழுத்ததும் இல்லை, ஆனால் குரல் பூதத்தின் குரல். அப்படியென்றால் வாயு எங்கிருந்து அவன் நெஞ்சுக்குள் போயிருக்கும்?

"கேஸ்! குழி முழுக்கக் கேஸ்! ஃபேனப் போடுங்க!" என்று அலறினாள். நஜீர் ஃபோனை எறிந்துவிட்டு ஏணியில் கால் வைத்தான். மூன்றாவது படியில் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டாள்.

"உடு மேடம்! அவன் சாவுறான் மேடம்!"

"கீழ காத்து இல்லடா! நீ போனா நீயும் சாவ!"

"செத்தா சாவுறேன், உடு!" அவள் மணிக்கட்டில் நகம் பதியக் கீறினான். சட்டை கிழிந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போயிருப்பான்.

அப்போதுதான் குழிக்குள்ளிருந்து அலாரம் அலறியது. அதுவரை மூச்சுக்காட்டாமல் இருந்த பெட்டி. கீழே அசைகிற ஜீவன் ஒன்றுமே இல்லை, சந்தனம் பூசி அடைத்த மூக்கோடு இருந்த பெட்டி தானாக அலறுகிறது. கூடத்தில் எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நஜீரின் பிடி தளர்ந்தது. சுலோசனா அவனை மேலே இழுத்துப் போட்டாள்.

மூச்சுக் கவசத்தை, அதற்குப் போட்டிருந்த மாலையோடே அலமாரியிலிருந்து பிடுங்கி அவன் முதுகில் மாட்டினாள். வார் போட விரல் வரவில்லை, பல்லால் இழுத்து முடிந்தாள். ஜானகிராமன் தானே ஓடிப்போய் விசிறியைப் போட, மாலை சிக்கிப் பூவெல்லாம் பறந்தது. நஜீர் இறங்கி இருதயராஜின் அக்குளுக்கடியில் கயிற்றைக் கட்டிச் சங்கிலியில் மாட்டினான். சங்கிலி கண்ணி கண்ணியாக ஏறிய அந்த நேரம் இருக்கிறதே, அதைச் சுலோசனா இன்றைக்கும் பல்லில் உணர்கிறாள். விழுந்ததிலிருந்து மேலே வந்ததுவரை மூன்று நிமிஷம் இருபது வினாடி. கணக்கு எப்படித் தெரியும் என்றால், நஜீர் எறிந்த ஃபோன் மல்லாந்து கிடந்து எடுத்துக்கொண்டே இருந்தது. வீடியோவில் அதன்பிறகு வெறும் தகரக் கூரையும் அலாரமும்தான்.

உதடு நீலம் பாரித்திருந்தது. கனமான வாயு வெளியே வழியட்டுமென்று தலையைத் தாழ்த்திச் சாய்த்து, வாயோடு வாய் வைத்து நஜீர் ஊதினான். வேனில் ஏற்றும்போது ஒரு இருமல் வந்தது. சுலோசனா ஓவென்று அழுதுவிட்டாள். இருதயராஜின் வலது கை இறுக மூடியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். ஈரத்துணி, அதில் மஞ்சளும் சிவப்பும். கீழே உட்கார்ந்து வலையைத் துடைத்திருக்கிறான். துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாயுவை இழுத்திருக்கிறான். அவன் துடைத்த பாதி வழியாகத்தான் பெட்டி மூச்சு விட்டு, அரை நிமிஷம் கழித்து அலறியிருக்கிறது. யாரும் பார்க்காதபோது துணியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? சாயங்காலம் திரும்பி வந்து, விசிறி ஓடிக்கொண்டிருந்த குழியில் இறங்கி, மீதிப் பொட்டையும் அவசர அவசரமாகத் துடைத்தாள். மறுநாள் அரசு அதிகாரி வந்து பார்த்தபோது பெட்டி சரியாக இருந்தது. பிரேக்கரில் ஒரு ரப்பர் வளையம் வெடித்திருந்தது. "வேடிக்கை காட்ட அனுமதியின்றிக் குழியில் இறங்கினார்" என்று இருதயராஜைப் பற்றி எழுதினார்கள். வருஷா வருஷம் பூதம் பேசுகிறவன், நம்பாமல் இருப்பார்களா? சாட்சி என்ற இடத்தில் சுலோசனா கையெழுத்துப் போட்டாள். நல்ல பொம்பளைதான். பயம் வந்தால் நல்ல பொம்பளையும் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. எனக்கு அவள்மேல் இதில் மட்டும் கோபம் ஆறவில்லை.

இருதயராஜ் பிழைத்தான். இருபது நாளில் எழுந்து நடந்தான். அன்றைய நாள் மட்டும் அவன் தலையில் இல்லை. காலையில் மனைவி நிஷா வைத்த இட்லி ஞாபகம் இருந்தது, அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. இயந்திரத்தின் பக்கம் வேண்டாமென்று அவனை அட்டைப்பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் அவனைப் பார்த்தால், "அண்ணாத்தே, பூதம் நல்லா கீதா?" என்று கேலி.

ஒருநாள் யாரோ அந்த வீடியோவை அவனுக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்றிலிருந்துதான் பிரச்சினை ஆரம்பித்தது.

"அது நான் இல்ல மேடம்" என்றான் சுலோசனாவிடம்.

"கேஸ் உள்ள போனா குரல் அப்படித்தானே ஆகும் ராஜு? உனக்குத் தெரியாததா?"

"கொரலு கேஸாலன்னே வெச்சுக்க மேடம். எறங்காதன்னு சொன்னது யாரு? சொன்ன நெனப்பே எனுக்கு இல்லியே. நானா குழிக்குள்ள போற ஆளா? ரூல்ஸுன்னா ரூல்ஸு எனுக்கு. எதுவோ என்னைக் கூப்ட்டுச்சு. நா போனேன். அது என் வாயால பேசுச்சு." கண் அவளைத் தாண்டிக் குழியின் தடுப்பைப் பார்த்தது. "நா எதுக்கு மேடம் எறங்குனேன்?"

தெரிந்த ஒரே ஆள் எதிரில் நின்றாள். "தெரியலப்பா" என்றாள்.

பத்து மாதத்தில் எத்தனையோ தடவை கேட்டான், எத்தனையோ தடவை அதையே சொன்னாள். நிஷா ஒருநாள் ஃபோன் செய்தாள். "மேடம், காலைல எய்ந்ததும் இருட்டுல உக்காந்துகினு 'நிஷா, நிஷா'ன்னு என் பேரச் சொல்றாரு. இன்னான்னு கேட்டா, ஒண்ணும் இல்ல, கொரலு என்னுதுதானான்னு பாத்தேன்றாரு. எனுக்கே பயமா கீது மேடம். ஊட்டுல ஒரு தபா பேசுனாருன்னா, யாரு பேசுறாங்கன்னு நானே திரும்பிப் பாக்குறேன்." சுலோசனா ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அழுதாளே தவிர, சொல்லவில்லை. வேலை போய்விடும், வழக்கு வரும், கணவரின் மருந்து என்று தனக்குத்தானே காரணம் அடுக்கினாள்.

அதற்குப் பதிலாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் ஒரு பலூனை ஊதிக் குழிக்குள் விடுவாள். அது தரையைத் தொடும்வரை கூடத்தில் யாரும் பேசமாட்டார்கள். எல்லோர் கண்ணும் எட்டாவது படிக்கு நேராக நிற்கும். பலூன் அந்த இடத்தைத் தாண்டும்போது ஒரே நேரத்தில் முப்பது பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். தொட்டதும் மற்றவர்கள் இறங்குவார்கள். சுலோசனா இறங்குவதில்லை. முழங்கால் வலி என்றாள்.

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால், பகல் சாப்பாட்டு நேரத்தில் இருதயராஜ் அவள் மேஜைக்கு வந்தான். இளைத்துப்போய், கண்ணுக்கடியில் கறுத்து, சவரம் செய்யாத முகம்.

"ஒரு முடிவு பண்ணிட்டேன் மேடம். பூஜை அன்னிக்கு ஃபேனு ஆஃப் ஆவும்ல, அப்போ நா எறங்கப் போறேன். கூப்ட்டது யாருன்னு நேராவே கேட்டுட்டு வந்துடறேன். கூப்ட்டா போய்டறேன். இப்படிப் பாதியா இருக்க முடியல."

சாதாரணமாகத்தான் சொன்னான், அடுத்த தெருவுக்குப் போய் வருகிறேன் என்கிற மாதிரி. சுலோசனாவின் கையிலிருந்த மோர் டப்பா மேஜையில் கவிழ்ந்தது. அவன் சொன்னதைச் செய்கிற ஆள். செய்தால் இந்தத் தடவை அலாரம் முதலிலேயே அலறும், யாராவது தூக்கிவிடுவார்கள் என்று அவள் மனசு ஒரு கணம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பையைத் திறந்தாள். அடியில் பாலிதீன் உறைக்குள் ஒரு வருஷமாகக் கிடந்த துணியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். காய்ந்து விறைத்திருந்தது.

"உன்னை யாரும் கூப்பிடல ராஜு. அலாரம் மேல பொட்டு வெச்சது நான். நீ அதப் பாத்துட்ட. நான் மாட்டிக்கக் கூடாதுன்னு தொடைக்க எறங்குன. போகட்டுமான்னு சைகையில கேட்ட, நான் தலையாட்டுனேன். இறங்காதன்னு சொன்னதும் நீதான். கால் மடங்கிற நேரத்துல நஜீர் வந்துடுவானேன்னு சொன்ன. பேயும் இல்ல, பூதமும் இல்ல. எல்லாம் நீதான்."

அவன் துணியை எடுத்து முகர்ந்தான். சந்தன வாசனை இன்னும் இருந்தது.

"அப்போ என்னை யாரும் கூப்டல."

"கூப்பிடல."

"அது நான்தான்."

"நீதான்ப்பா."

அவன் தோள் இறங்கியது. ஒரு வருஷத்து இறுக்கம் அவன் உடம்பிலிருந்து இறங்குவதைச் சுலோசனா கண்ணால் பார்த்தாள். பிறகு அவன் நிமிர்ந்தான். கண்ணில் நீர் முட்டியது, ஆனால் குரல் கல் மாதிரி வந்தது. "ஒரு வருசம் மேடம். என் வாய நானே நம்பாம ஒரு வருசம். உங்ககிட்டதானே கேட்டுகினே இருந்தேன்?" துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். கேட்கிற அருகதை இருப்பதாகத் தோன்றவில்லை.

அன்றிரவே நடந்ததையெல்லாம் எழுதினாள். காலையில் ஜானகிராமன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது வெளிய போனா என்னாகும் தெரியுமா மேடம்?"

"தெரியும் சார். அதிகாரிக்கு ஒரு நகலை இப்பதான் தபால்ல போட்டுட்டு வரேன். போடாம வந்தா உங்க முகத்தப் பாத்து மாத்திக்குவேன்."

கூடத்துக்கு வந்தாள். குழியைச் சுற்றி எல்லோரும் பலூனுக்காகக் காத்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருதயராஜ் வந்தான். ஒரு வருஷத்தில் அவன் அந்தத் தடுப்பருகே வருவது அதுதான் முதல் தடவை. நஜீர் பதறி, "மச்சான், வேணாண்டா" என்றான். இருதயராஜ் அவன் கையை விலக்கினான். சுலோசனா பலூனை விட்டாள். அது எட்டாவது படியைத் தாண்டித் தரையைத் தொட்டது. அவன் ஏணியில் இறங்கி, விளிம்புக்குக் கீழே மறைந்தான்.

நஜீர் மூச்சுக் கவசத்தின் பக்கம் நகர்ந்தான்.

"மேடம்." கீழேயிருந்து குரல் வந்தது. மெலிசான, கீச்சென்ற, சொந்தக் குரல். "எறங்குங்க."

சுலோசனா தடுப்பைத் தாண்டினாள். ஏணியைப் பிடித்தாள். ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டு எண்ணினாள், குரல் தன்னுடையதாகவே இருக்கிறதா என்று கேட்பதற்காக. ஐந்து. ஆறு. ஏழு. எட்டு. அங்கே நின்றுவிட்டாள். "எட்டு" என்று இன்னொரு தடவை சொன்னாள். கீழே வெறும் இடம்தான் தெரிந்தது. அன்றைக்கும் வெறும் இடம்தானே தெரிந்தது!

"எட்டோட முடியல மேடம். இன்னும் நாலு கீது, வாங்க."

ஒன்பது என்றாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தரை காலில் பட்டது.

அவன் அலாரம் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். வலையின் ஓரத்தில், அவசரத்தில் அவள் துடைக்காமல் விட்ட சில துளைகளில் குங்குமம் இன்னும் சிவப்பாக ஒட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து நீட்டினான்.

"மிச்சத்த நீங்க தொடைங்க."

அவள் முழங்காலிட்டுத் துடைத்தாள். ஒவ்வொரு துளையாகத் துடைக்க நேரம் பிடித்தது. அவள் முடிக்கும்வரை அவன் மேலே ஏறவில்லை.